மணிக் கணக்கு

வூச் நகரத்து டிராமில் டிக்கெட் பரிசோதிப்பவள் நான்.
சீருடை கிடையாது. பழுப்புக் கோட்டு, காய்கறிப் பை,
பையின் அடியில் அடையாள அட்டை.
பதினேழு வருஷப் பழக்கம்:
பிடரியைப் பார்த்தே சொல்லிவிடுவேன்
எவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடுவான் என்று.

ஆனாலும் என் புருஷன் செஸ்வாவின் கல்லறையில்
வியாழன்தோறும் நீலக் கண்ணாடி விளக்கொன்று வைப்பது யாரென்று
எனக்குத் தெரியவில்லை.
நான் வைப்பது சிவப்பு. அதுவும் ஞாயிறு.
துப்புக் கெட்டவளே என்று
என்னை நானே வைதுகொண்டுதான்
துப்பறிவாளர் தேடிக் கிளம்பினேன்.

"நீயே மரத்துக்குப் பின்னால் நிற்கலாமே,"
என்றாள் கூட வேலை பார்க்கும் போழெனா.
நிற்கலாம்.
வருகிறவள் அழுதுவிட்டால்?
அதற்கு எவ்வளவு அபராதம் எழுதுவது?

பெரிய தெருவில், மீன் தொட்டி வைத்த அலுவலகம்.
"நூற்றுக்கு நூறு வெற்றி" என்றார்.
சட்டைப்பையைத் தடவாமலே
"இருக்கு இருக்கு" என்கிறவனிடம்
நேற்றைய டிக்கெட்தான் இருக்கும்.
தேநீரைக் குடித்து முடிக்காமல் எழுந்தேன்.

இன்னொரு பையன்.
நான் நாற்காலியை இழுக்கும் முன்பே
என் தெரு, என் சம்பளம்,
குளிர்சாதனப் பெட்டிக்கு இன்னும் கட்டாத இரண்டு தவணை
எல்லாம் ஒப்பித்தான்.
கைதட்டலுக்குக் காத்திருப்பது போல நிமிர்ந்தான்.
என்னை இவ்வளவு சுலபமாகத் திறந்தவன்
என் சாவியையும் யாருக்காவது விற்பான்.

ரெமிகியுஷின் அறை செருப்புக் கடைக்கு மேலே. பசை வாடை.
கேட்பதற்கு முன்பே உரிமத்தை நீட்டினார்.
பழக்க தோஷம், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்
தேதியையும் முத்திரையையும் பார்த்தேன்.
அவர் சிரிக்கவில்லை. அது பிடித்தது.
பழைய வாடிக்கையாளர் யாரிடமாவது பேசலாமா என்றேன்.
"அவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்."
இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு எண் வந்தது.

திருமதி ஷெலாங்க் பத்து நிமிஷம் வைதாள்.
"தம்பியைக் கண்டுபிடி என்றேன், கண்டுபிடித்தான்.
எந்த ஊர், எந்தக் கதவு,
கதவைத் திறந்து அவன் என்ன சொன்னான் என்பதுவரை.
ஒரு வார்த்தையாவது மாற்றிச் சொல்லக்கூடாதா?
கட்டணம் மட்டும் காசு பிசகவில்லை.
அவனிடம் போகாதே அம்மா."
மறுநாள் காலை போய்விட்டேன்.

ஒப்பந்தம் நான்கு பக்கம்.
மணிக்கு நூற்றைம்பது ஸ்லோட்டி, பயணம் தனி,
இருபது மணி நேரம் முன்பணம்.
செய்யப்போவது ஆறு வரி.
செய்யாதது ஒன்றரைப் பக்கம்:
தொலைபேசி ஒட்டுக்கேட்க மாட்டேன்,
கடிதம் பிரிக்க மாட்டேன்,
பூட்டிய வீட்டுக்குள் நுழைய மாட்டேன்…
"விசாரணையின் நோக்கம்" என்ற கட்டத்தில்
"யார்" என்று எழுதினேன்.
"அது கேள்வி," என்றார். "நோக்கம் எழுதுங்கள்."

கீழே யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.
நிறைய நேரம் அடித்தார்கள்.
கடைசியில் எழுதினேன்:
அந்த நீல விளக்கு எந்தக் கடையில் கிடைக்கிறது
என்று தெரிந்துகொள்ள.
இரண்டு முறை படித்துவிட்டு
முத்திரை குத்தினார்.

முதல் அறிக்கை வந்திருக்கிறது.

வியாழன். இரண்டு முதல் ஐந்து வரை. பனி.
யாரும் வரவில்லை.
நான்கு பத்துக்குச் சிவப்பு விளக்கு காற்றில் அணைந்தது.
நான் ஏற்றினேன்.
தீக்குச்சி மூன்று. கட்டணம் இல்லை.

சமையலறையில் நின்றபடியே கூட்டிப் பார்த்தேன்.
உயிரோடிருந்தபோது
மாடிப்படி பல்பை மாற்றக்கூட
ஆள் கிடைக்காத மனுஷன்.
இப்போது விளக்கேற்ற மூன்று பேர்.
ஒருவருக்கு மட்டும்
மணிக் கணக்கில் கொடுக்கிறேன்.